புது ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் ஏன் படுக்கிறது? ஒரு பழைய கதை

ரேம் கூட்டினால் கம்ப்யூட்டர் வேகமாகும். தேனி கடைத்தெருவில் இருந்து நம் வகுப்புக் கடைசி பெஞ்ச் வரை எல்லோருக்கும் தெரிந்த வேதம் இது. ஆனால் கூட்டிய மறுநாளே ப்ளூ ஸ்க்ரீன் வந்தால்? விற்றவர் "வோல்டேஜ் சரியில்லை" என்பார், வாங்கியவர் "மட்டமான சரக்கு" என்பார். இந்தச் சண்டைக்கு எழுபது வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது நண்பர்களே.

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதக்காரர் ரிலேக்களால் ஆன ஒரு கணக்கு மெஷினைப் பயன்படுத்தி வந்தார். வார நாட்களில் பிழை வந்தால் சரிசெய்ய ஆள் இருக்கும். சனி, ஞாயிறில் இருக்காது. பிழையைப் பார்த்ததும் மெஷின் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் மெஷினுக்கு, அது எங்கே என்று தெரிந்துகொள்ள முடியாதா? இந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1950-ல் வெளியான ஹாமிங் குறியீடு. சர்வர்களில் இருக்கும் ஈ.சி.சி. ரேம் அதன் வாரிசு. 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இது கிடையாது. காசு மிச்சம்!

அடுத்த கட்டம் 1978. 16 கிலோபிட் மெமரி சிப்புகள் வந்த காலம். சிப்பில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் பிட்டுகள் தானாகப் புரண்டன. இன்டெல் நிறுவனத்தின் திமோத்தி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் குற்றவாளியைப் பிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த உறையில் துளியளவு யுரேனியம், தோரியம் கலந்திருந்தது! அவற்றில் இருந்து கிளம்பிய ஆல்ஃபா துகள்கள் சிப்பில் பாய்ந்து 1-ஐ 0 ஆக்கின. எல்லோரும் சிப்பை முறைத்துக்கொண்டிருக்க, தப்பு மூடியில்.

1979-ல் ஐ.பி.எம்.மின் ஜீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் லான்ஃபோர்டும் இன்னும் மேலே பார்த்தார்கள், ஆகாயத்தை. விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. அவையும் பிட்டைப் புரட்டும் என்றார்கள். ஐ.பி.எம். இதைச் சோதித்தே பார்த்தது. கொலராடோவில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள லெட்வில் ஊரில் சிப்புகளை வைத்தபோது பிழைகள் எகிறின. பூமிக்கடியில் வைத்தபோது ஏறக்குறைய இல்லாமலே போயின.

அப்படியானால் போடிமெட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு போடியில் இருப்பதைவிட அடி அதிகம்தான். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. மின்னேற்றம் உள்ள கதிர்களை அந்தக் காந்தம் இங்கே நன்றாகவே திருப்பி அனுப்புகிறது. லெட்வில்காரர் ஆகாயத்தைக் குறை சொல்லலாம், கம்பம் பள்ளத்தாக்கில் நமக்கு அந்தச் சாக்கு குறைவு :-)

கதிருக்குப் பயந்து பாறைக்குள் ஒளிவது நம்மூருக்கும் தெரிந்த கதைதான். பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கம்ப்யூட்டருக்குச் சில பத்து மீட்டர் பாறை போதும். நியூட்ரினோ ஆய்வுக்குக் குறுக்கே வரும் மியூவான்களை வடிகட்ட ஒரு கிலோமீட்டராவது வேண்டும். அதனால்தான் மலை. நியூட்ரினோ நம்மைச் சுட்டுவிடும் என்ற பயத்தில் அர்த்தமில்லை, அது இப்போதும் நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வெடி வைப்பது, காட்டுயிர்ப் பாதை பற்றிய கேள்விகள் வேறு, அவை நியாயமானவை. அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

சரி, மெமரிக்குத் திரும்புவோம். 2003-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்களைக் கோர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. உலகில் மூன்றாம் இடம்! ஆனால் அவற்றில் ஈ.சி.சி. இல்லை. அத்தனை மெஷினில் எங்கோ ஒரு பிட் புரண்டுகொண்டே இருந்தால் எந்த விடையை நம்புவது? 2004-ல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஈ.சி.சி. உள்ள எக்ஸ்சர்வ் மெஷின்களை வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "என் ரேம் நல்லது, ஆகாயம்தான் கெட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை வருஷம் எடுத்த கணக்கு 2009-ல் வெளியானது. ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் அட்டைகள் பிழை காட்டின. அதைவிட முக்கியம், பெரும்பாலும் குற்றவாளி பழுதான ஹார்ட்வேரே, கதிர் அல்ல என்றுதான் அந்தக் கணக்கு காட்டியது.

எனவே முதலில் புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை நின்றால் புதியதை மட்டும் தனியாகப் போடுங்கள், ஸ்லாட்டை மாற்றுங்கள். சரியாக உட்காராத ரேம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வேகம், தூசி பிடித்த ஸ்லாட், தள்ளாடும் எஸ்.எம்.பி.எஸ். இவைதான் வழக்கமான ஆசாமிகள். பிறகு 1994 முதல் இருக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் பிழை வந்தால் அது ஆகாயம் இல்லை. அந்தத் திரையை போட்டோ எடுத்துக்கொண்டு, வாரண்டி முடியும் முன் கடைக்குப் போங்கள்.