இரவு முழுவதும் நடப்பது எதற்கு? புற்றுநோயாளிகளுக்கான நெடுநடையின் வரலாறு



“புற்றுநோயாளிகளுக்காக ஓர் இரவு முழுவதும் நடக்கப் போகிறோம். குழுவில் சேருகிறீர்களா?” என்று உங்களை யாராவது கேட்டால் முதலில் என்ன தோன்றும்? எங்கள் பாகான் செராய் வட்டாரத்தில் குழுவுக்கு ஆள் சேர்த்தபோது நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: “நடந்தா நோய் போயிடுமா, டீச்சர்?”

நியாயமான கேள்வி. போகாது என்பதுதான் பதில். அப்படியென்றால் உலகில் இத்தனை பேர் ஏன் நடக்கிறார்கள்? இந்த நடை எங்கே தொடங்கியது? தமிழர் வாழ்வோடு இதற்கு என்ன தொடர்பு? இவற்றை வரலாற்று வரிசையில் பார்ப்போம். சமூகத் தொண்டு, உடல்நலம், தன்னார்வப் பணி ஆகிய தலைப்புகளில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இந்தத் தகவல்கள் கைகொடுக்கும்.

தனி ஒருவரின் ஓட்டம்: 1980

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். அப்போது அவருக்கு வயது 18. மருத்துவமனையில் தம்மோடு இருந்த நோயாளிகளின் துன்பத்தை, குறிப்பாகச் சிறுவர்களின் துன்பத்தை, அவரால் மறக்க முடியவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டக் கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் கடப்பது என்று முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் ஓடத் தொடங்கினார். செயற்கைக் காலோடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அதாவது ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1ஆம் நாள் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் 28ஆம் நாள் அவர் காலமானார். வயது 22. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரிலான முதல் ஓட்டம் நடந்தது. பின்னாளில் அது மலேசியா உட்படப் பல நாடுகளுக்கும் பரவியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதுவரை நோயாளி என்றால் கட்டிலில் படுத்திருப்பவர் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். இவரோ வெட்டப்பட்ட காலை மறைக்காமல், அரைக்கால் சட்டையோடு நெடுஞ்சாலையில் ஓடினார்.

ஒருவரிலிருந்து குழுவுக்கு: 1985–1986

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் டாக்டர் கோர்டன் கிளாட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்தவர். உள்ளூர்ப் புற்றுநோய்ச் சங்கக் கிளைக்கு நிதி தேவைப்பட்டபோது, தமக்குப் பிடித்த நெடுந்தூர ஓட்டத்தையே அதற்கு வழியாக்கினார்.

1985 மே மாதம், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலில் 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடியும் நடந்தும் 83 மைலுக்கு மேல் கடந்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 134 கிலோமீட்டர். நண்பர்கள் 25 டாலர் கொடுத்து ஆளுக்கு அரை மணி நேரம் அவரோடு சேர்ந்து நடந்தார்கள். அன்று 27,000 டாலர் சேர்ந்தது.

சுற்றி வரும்போதே அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒருவரே 24 மணி நேரம் ஓடுவதைவிட, குழுக்கள் மாறி மாறி நடந்தால் என்ன? 1986இல் 19 குழுக்கள் கலந்துகொண்டன. அதுதான் ‘ரிலே ஃபார் லைஃப்’ என்று இன்று அறியப்படும் நெடுநடையின் தொடக்கம். நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நடக்கும் அஞ்சலோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலை வாங்கிக்கொண்டு அடுத்தவர் ஓடுவதுபோல, குழுவில் ஒருவர் களைத்தால் மற்றொருவர் நடப்பார். இரவு முழுவதும் குழுவில் ஒருவராவது தடத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கிளாட் 2014இல் காலமானார். அவரும் கடைசிக் காலத்தில் வயிற்றுப் புற்றுநோயோடு போராடியவர்.

மலேசியாவில் இந்த நெடுநடையை நடத்தி வருவது 1966இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம்.

ஏன் இரவில்?

பகலில் நடந்தால் ஆகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இரவுக்கு ஒரு பொருள் உண்டு. புற்றுநோய் தூங்குவதில்லை, ஆகவே ஓர் இரவு நாமும் தூங்காமல் இருப்போம் என்பது இதன் அடிப்படை. பொழுது சாய்வது நோய் இருப்பது தெரியவரும் நேரத்தையும், நள்ளிரவு சிகிச்சையின் கடுமையையும், விடியல் நம்பிக்கையையும் குறிக்கும்.

நிகழ்ச்சிக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. முதல் சுற்றில் நோயிலிருந்து மீண்டவர்களும் சிகிச்சையில் இருப்பவர்களும் நடப்பார்கள். மற்றவர்கள் ஓரமாக நின்று கைதட்டுவார்கள். பராமரிப்பாளர்களுக்கும் ஒரு சுற்று உண்டு. இருட்டிய பிறகு காகிதப் பைகளுக்குள் விளக்கேற்றித் தடத்தின் ஓரமாக வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு பெயர். மறைந்தவர் பெயராகவோ போராடிக்கொண்டிருப்பவர் பெயராகவோ இருக்கலாம்.

வேண்டுதலுக்காக இரவில் கூட்டமாக நடப்பது தமிழருக்குப் புதிதல்ல. பழனிப் பாதயாத்திரையும் தைப்பூச இரத ஊர்வலமும் நாம் அறிந்தவைதாம். கால் வலியைப் பொருட்படுத்தாமல் இன்னொருவருக்காக நேர்ந்துகொண்டு நடக்கும் தாய்மார்களை ஈப்போ கல்லுமலையிலும் பத்துமலையிலும் பார்த்திருப்பீர்கள். அங்கே வேண்டுதலை மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். இங்கே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். அதுதான் நமக்குப் புதிது.

தமிழர் வரலாற்றில் இரண்டு பக்கங்கள்

நோயைப் பொதுவெளிக்குக் கொண்டுவரும் பணியில் தமிழர் பங்கு என்ன? இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சென்னை அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த இழப்பே ஒரு மருத்துவமனையை உருவாக்கும் உறுதியாக மாறியது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிறுவனத்துக்காகவே வாழ்ந்தார். பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே ஏழை நோயாளிகளைத் தாங்கிய நிறுவனம் அது.

இரண்டாவது, இலங்கை. 2009இல் போர் முடிந்தபோது, வடக்கிலிருந்த புற்றுநோயாளிகள் உயர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகமவுக்கே போக வேண்டியிருந்தது. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள் நாட்டின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறைக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். 27 நாள், ஏறக்குறைய 670 கிலோமீட்டர். யாழ்ப்பாணத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதே நோக்கம். வழிநெடுக மக்கள் சேர்ந்துகொண்டார்கள். மருத்துவமனையும் எழுந்தது. 2016இல் அதே நடை வடக்கிலிருந்து தெற்கே திரும்பியது. அம்முறை காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்காக நடந்தார்கள்.

வடக்குக்காகத் தெற்கு நடந்தது. ஐந்து ஆண்டு கழித்துத் தெற்குக்காக வடக்கிலிருந்து நடந்தார்கள். ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த எடுத்துக்காட்டை மறக்க வேண்டாம்.

நம் மண்ணுக்கு வருவோம்

கிரியான் மாவட்டத்தில் நெல்வயல்களோடு கரும்புத் தோட்டங்களும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பின்னர் ரப்பர், அதன் பின்னர் செம்பனை. லயத்து வாழ்க்கையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை அடங்கிய சுருக்குப் பை பாட்டிமார்களின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. பசியையும் களைப்பையும் மறக்க அதுதான் துணை.

அந்தத் துணைக்கு ஒரு விலை இருந்தது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் அறிவித்தது. கிளாட் திடலைச் சுற்றி நடந்ததும் அதே ஆண்டுதான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஆபத்தானதே என்று 2004இல் உறுதி செய்யப்பட்டது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம்.

எங்கள் பெரியம்மா ஒருவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கன்னத்தின் உட்புறம் புண் வந்தபோது, “சுண்ணாம்பு சுட்டுடுச்சு” என்றார். பிறகு “பல்வலி” என்றார். பல மாதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். மருத்துவரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பெயரைச் சொல்லவில்லை. ‘அந்த நோய்’ என்றுதான் பேசினார்கள். அவர் இறந்த பிறகு கேட்டவர்களுக்கும் ‘வயசாயிடுச்சு’ என்பதே பதில்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் 58.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். 2012 முதல் 2016 வரை அது 63.7 விழுக்காடாக உயர்ந்தது. அந்த ஐந்தாண்டில் பதிவான புதிய நோயாளிகள் 115,238 பேர். மருத்துவ வசதி பெருகிய காலத்திலும் தாமதமாக வருவோரின் பங்கு குறையவில்லை. பணம், தூரம், அறியாமை எனக் காரணங்கள் பல. அச்சமும் வெட்கமும் அவற்றோடு சேர்கின்றன.

குழுவில் சேர்வது எப்படி இருக்கும்?

எங்கள் குழுவில் 12 பேர். ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர் சிலர். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டோம். நள்ளிரவு வரை பேச்சும் சிரிப்புமாக நேரம் போய்விடும். மூன்று மணிக்குமேல்தான் கால் கெஞ்சும். அப்போது தடத்தில் நடக்கும் முன்பின் தெரியாத ஒருவர், “நான் மூணு வருஷத்துக்கு முன்னால கீமோ எடுத்தேன், இப்ப நல்லா இருக்கேன்” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வருவார். நம் வீடுகளில் அப்படிச் சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

பெரியம்மாவின் மகனும் எங்களோடு வந்திருந்தார். காகிதப் பையில் அம்மாவின் பெயரை எழுதினார். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே ‘வாய்ப்புற்றுநோய்’ என்றும் எழுதினார். எங்கள் குடும்பத்தில் யாரோ அதை வெளியே சொன்னது அதுவே முதல் முறை.

குழு அமைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்: 18 வயதுக்குக் குறைந்த மாணவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதலும் பெறுங்கள். நன்கொடைக்கு இரசீது கொடுங்கள், கணக்கைக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். நோயிலிருந்து மீண்டவரைப் பேச அழைத்தால், அவர் விரும்பும் அளவுக்கு மட்டும் பேசட்டும், துருவிக் கேட்க வேண்டாம்.

மதிப்பீடு

இந்த நடைகளைக் குறை சொல்பவர்களும் உண்டு. “ஓர் இரவு நடந்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறார்கள்” என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. திரளும் நிதி அரசின் பொறுப்புக்கு ஈடாகாது என்பதும் உண்மை. நடந்ததால் மட்டும் முற்றிய நிலையில் வருவோர் குறைந்துவிட்டார்கள் என்று நாம் எழுதவும் கூடாது. மேலே கண்ட எண்கள் அதற்கு இடம் தரவில்லை.

ஆனால் 1980 முதல் 2011 வரை நாம் பார்த்த மூன்று நடைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. நோய் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது. பணம் அதன் பிறகே வந்தது. நடை முடிந்த மறுநாள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வாயில் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் அரசு பல் மருத்துவ நிலையத்தில் காட்டலாம். பெண்கள் சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2010 முதல் இடைநிலைப்பள்ளி மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியின் அனுமதிப் பாரத்தைப் பெற்றோர் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினால், அவர்களிடம் பேசும் பொறுப்பு வகுப்பாசிரியருக்கும் உண்டு. ‘நடந்தா நோய் போயிடுமா?’ என்று கேட்டவரிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: போகாது, ஆனால் நடந்துவிட்டு வந்தால் உங்கள் அம்மாவிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

மாணவர் பயிற்சிக்கு

1. 1980, 1985, 1986, 1954, 2011 ஆகிய ஆண்டுகளைக் கால வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதுக.
2. டெர்ரி ஃபாக்ஸின் ஓட்டத்துக்கும் கோர்டன் கிளாட்டின் நடைக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை விளக்குக.
3. ‘புற்றுநோயாளிகள் தாமதமாகச் சிகிச்சைக்கு வருவதற்கு அறியாமை மட்டுமே காரணம்.’ இக்கூற்றை ஏற்கிறீர்களா? சான்றுகளுடன் கட்டுரை எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், தோட்டத்தில் நோய்வாய்ப்பட்டவர்கள் எங்கே சிகிச்சை பெற்றார்கள் என்று கேட்டு, கிடைத்த செய்திகளை ஒரு பக்கத்தில் தொகுத்து எழுதுக. பெயர்களைத் தவிர்க்கவும்.