ஐயாயிரம் அடிக்கு மேலே

நுவரெலியாவைச் சுற்றி இன்றும் மலைக்காடு எஞ்சியிருப்பதற்கு 1873ஆம் ஆண்டில் சொல்லப்பட்ட ஓர் அறிவுரை பெருங்காரணம். 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விட்டுவிடுங்கள் என்று, கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் சர் ஜோசப் ஹூக்கர் பிரித்தானிய அரசுக்குச் சொன்னார். காடழிப்பைத் தடுக்கும் ஆணையும் பிறந்தது. அதற்குள் கோப்பிப் பயிருக்காகப் பெருங்காடுகள் வீழ்ந்துவிட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி மடிய, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது.

இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியை 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதன் அறிவியற் பெயரில் நிலைத்திருப்பவர் சாமுவேல் பிளை. அவரோ ஒரு கோப்பித் தோட்டத்துரை! கோடரி பிடித்த கைகளுள் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர் கைகளும் உண்டு. அவர்கள் பெயரில், நானறிந்த வரையில், ஒரு குருவியும் இல்லை.

மலைக்காட்டு ஓடைகளின் அடர்நிழலில் வாழும் அப்பறவை இலங்கைக்கு வெளியே எங்கும் கிடையாது. இடுப்பளவு தேயிலைச் செடி அதற்குக் காடாகாது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் இவை தனித்தனித் தீவுகள். இடையில் கிடப்பது தேயிலை. தோட்டத்து ஓடைக்கரைகளில் மரங்கள் நின்றால்தான் காட்டுப்பறவை ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குக் கடக்க இயலும். அந்த ஓடைகளை நாள்தோறும் தாண்டிக் கொழுந்து பறிக்கச் செல்வோர் மலையகத் தமிழர். கரைமரங்களை வளர்க்கும் பணியை அவர்களிடமே, உரிய கூலியோடு, ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து.