நீலகிரி டிரவுட்டும் இரு கைத் தூண்டிலும்

ஊட்டி போகும் நம் குடியிருப்பு நண்பர்களுக்காக ஒரு சிறு வரலாறு. டிரவுட் மீன் நீலகிரிக்கு வந்தேறி. 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் நிலைத்தது. வெள்ளைக்காரர்களின் தூண்டில் பொழுதுபோக்குக்காக வந்த மீன் அது.

இரு கைகளால் வீசும் 12 முதல் 15 அடித் தூண்டில், ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றோடு பெயர் பெற்றது. அகலமான ஆறு, முதுகுக்குப் பின்னால் மரங்கள். அதனால் கயிற்றைப் பின்னால் நீளமாக வீசாமல், நீரைத் தொட்டு வளைத்து முன்னே எறிவார்கள். மேல் கை தாங்கும், கீழ்க் கை இழுக்கும். கயிற்றின் எடைதான் போலிப் பூச்சியைத் தூரம் கொண்டுபோகும்.

நம் மலை ஓடைகள் குறுகலானவை. எட்டு, ஒன்பது அடி ஒற்றைக் கைத் தூண்டிலே போதும். பெரியதை வாங்கினால் பணம்தான் வீண். முதலில் மீன்வளத் துறையிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். பிறகு ஓடையைப் பார்த்துத் தூண்டிலை வாங்குங்கள்.