கணையத்தில் அழுகிய திசு: வயிற்றைத் திறக்காமல் அகற்றும் எண்டோஸ்கோப்பி சிகிச்சை

திடீரெனத் தோன்றும் கணைய அழற்சி பெரும்பாலானோருக்குச் சில நாள்களில் தணிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் கணையத்தின் ஒரு பகுதியோ, அதைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவோ இறந்துபோகிறது. அதில் கிருமித் தொற்று ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தத் திசுவை, வாய்வழியாகச் செலுத்தப்படும் எண்டோஸ்கோப்பி கருவி மூலம் வயிற்றைக் கீறாமல் அகற்றும் முறை தற்போது முக்கிய சிகிச்சையாக உள்ளது.

காரணங்களும் அறிகுறிகளும்

பித்தப்பைக் கற்களும் மதுப்பழக்கமும் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாக இருப்பதும் ஒரு காரணம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி, வாந்தி ஆகியவை முதல் அறிகுறிகள். காய்ச்சல், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை நோய் தீவிரமடைவதை உணர்த்தும்.

கேரளத்தில் மது அருந்தாத இளைஞர்களிடமும் காணப்பட்ட நாள்பட்ட கணைய நோயை 1960-களில் மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். திசு அழுகும் இந்தத் திடீர் அழற்சி அதனின்று வேறானது.

காத்திருப்பதும் சிகிச்சையே

தொடக்க வாரங்களில் இறந்த திசுவுக்கும் நல்ல திசுவுக்கும் இடையே தெளிவான எல்லை இராது. அப்போது அகற்ற முயன்றால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். சுமார் 4 வாரங்களில் அழுகலைச் சுற்றி ஒரு சுவர் உருவாகிறது. அதுவரை நரம்புவழித் திரவம், மூக்குக் குழாய்வழி உணவு, தொற்று இருப்பின் ஆன்டிபயாடிக் மருந்துகள் தரப்படுகின்றன. நிலைமை மோசமானால், தோல்வழியே குழாய் செருகிச் சீழை முன்கூட்டியே வெளியேற்றுவதும் உண்டு.

தொற்று ஏற்பட்ட 104 நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. அதில் காத்திருக்க வைக்கப்பட்ட பிரிவினரில் 39 சதவீதத்தினருக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளே போதுமானதாக இருந்தன.

செய்முறை

எண்டோஸ்கோப்பி கருவியின் முனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் மூலம் அழுகல் இருக்கும் இடம் கண்டறியப்படுகிறது. இரைப்பைச் சுவர் வழியே துளையிட்டு, இருமுனையும் விரிந்த உலோக ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. சீழ் இரைப்பைக்குள் வடிகிறது. அது போதாதெனில், ஸ்டென்ட் வழியாகவே கருவியை உட்செலுத்தி, அழுகிய திசு துண்டு துண்டாக எடுக்கப்படுகிறது. பலமுறை செய்ய நேரிடலாம்.

இரத்தக்கசிவும் துளை விழுதலும் இதன் முக்கிய ஆபத்துகள். ஸ்டென்ட் நீண்ட நாள் உள்ளே இருந்தால் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுவதால், அதை அகற்றக் குறித்த தேதியைத் தவறவிடக் கூடாது.

ஆய்வுகள் கூறுவது

ஸ்டென்டுக்கு முந்தைய காலத்தில் திறந்த அறுவைச் சிகிச்சையே வழக்கம். 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அம்முறையில் 69 சதவீதத்தினருக்குக் கடும் பாதிப்போ மரணமோ நேர்ந்தது; முதலில் சீழ் வடித்துப் படிப்படியாகச் சென்ற முறையில் அது 40 சதவீதம். படிப்படியான அறுவைச் சிகிச்சையையும் எண்டோஸ்கோப்பியையும் ஒப்பிட்ட 2018 ஆய்வில் இப்பாதிப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை. எனினும் கணைய நீர்க்கசிவு 32 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

எல்லையோர மக்களுக்கு

குடல்நோய் நிபுணர், அறுவைச் சிகிச்சை நிபுணர், கதிரியக்க நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை ஒரே இடத்தில் இருந்தால்தான் இச்சிகிச்சை பாதுகாப்பானது. ஆரியங்கோடு, பாறசாலை போன்ற ஊர்களுக்கு ஒருபுறம் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும், மறுபுறம் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மாநில எல்லையைக் கடக்குமுன், அங்கு இச்சிகிச்சை உண்டா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்டறிவது நலம்.

மருத்துவமனை மாறும்போது சி.டி. ஸ்கேன் படங்களுடன், வலி தொடங்கிய தேதியையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். 4 வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறது.