பள்ளிப் பாதுகாப்பில் குழந்தையின் இடம்: கும்பகோணம் தீ விபத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி ஒன்று அங்கீகாரம் பெறக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இவை தேவையானவைதாம். ஆனால் எல்லாமே பெரியவர்கள் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதுபவை. ஆபத்து வந்தால் குழந்தை வெளியே வர முடியுமா? தனக்கு நேர்ந்ததை யாரிடமாவது சொல்ல முடியுமா? இவ்விரண்டையும் எந்தச் சான்றும் குழந்தையை வைத்துச் சோதிப்பதில்லை. நம் பள்ளிப் பாதுகாப்பின் அடிப்படைக் குறை அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. கூரையும் படிக்கட்டும்

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை முற்பகல். கும்பகோணம் காசிராமன் தெருவில் கிருஷ்ணா பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தனர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. சத்துணவுச் சமையல் கூடத்தில் பற்றிய நெருப்பு மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெயிலில் காய்ந்த கீற்று எரிந்துகொண்டே பிள்ளைகள் தலைமேல் சரிந்தது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படிக்கட்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்.

இங்கே காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீப்பிடித்ததற்குக் காரணம் அடுப்பு. இத்தனை வேகமாகப் பரவியதற்குக் காரணம் கீற்று. இத்தனை பிள்ளைகள் இறந்ததற்குக் காரணம், அவர்களால் வெளியே வர முடியாமல் போனது. விபத்துக்குப் பிறகு அரசு முதலில் கை வைத்தது கூரையில். பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. சரியான நடவடிக்கை. ஆனால் மூன்றாவது காரணம் கூரையோடு போய்விடுவதில்லை. கான்கிரீட் கட்டடத்திலும் புகை சூழும், மின்கசிவு வரும். மாடி வாசலின் கிரில் கதவு பூட்டியிருந்தால், சாவி அலுவலக ஆணியில் தொங்கினால், கூரை எதுவாக இருந்தும் பயனில்லை.

2009 ஏப்ரல் 13 அன்று, கும்பகோணம் விபத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகளையும், அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. குற்றவியல் வழக்கிலோ தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2014 ஜூலை 30 ஆயிற்று. 10 பேர் தண்டிக்கப்பட்டனர். 11 பேர் விடுவிக்கப்பட்டனர்.

3. வாகனமும் சுவரும்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஓடும் பள்ளிப் பேருந்தின் அடித்தள ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. பேருந்தில் உதவியாளர் கட்டாயமானார். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். பிறகுதான் மாநிலம் முழுவதும் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்.

பேருந்தில் ஓட்டை இருப்பது தினமும் அதில் போகும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சுவர் ஆடுகிறது என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அவர்களிடம் வாய்ப்பாடு கேட்கிறார், இதைக் கேட்பதில்லை.

4. சொல்வதற்கு ஒரு வழி

பாலியல் வன்முறையில், பிள்ளைகளைக் கேட்காத இந்தக் குறை இன்னும் கொடியது. அங்கே ஆபத்து பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்த மனிதர் உருவில் வருகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும்; அப்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே “பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்” என்று பெற்றோரை அடக்குவது, சட்டத்தின் பார்வையில் தண்டனைக்குரிய குற்றம்.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் எந்தப் பிள்ளை துணிந்து சீட்டுப் போடும்? போடுவதை யாரும் பார்க்காத இடம் வேண்டும். திறக்கும்போது வெளியாள் ஒருவர் உடனிருக்க வேண்டும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெட்டியால் பயனில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கைபேசி இல்லாத அந்தக் கைக்கு எட்டாது. அதற்கு எட்டக்கூடியவர்கள் வகுப்பு ஆசிரியையும் சத்துணவு ஆயாவும்தான். பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். சந்தேகத்தைச் சொன்னால் தம் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அதே 19ஆம் பிரிவு உறுதி தருகிறது. அதை அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை.