அபப்பிரம்சம்: வழுவின் பெயர் மொழியின் பெயரான வரலாறு

முன்னோர் முறையாகக் கற்றனர், இக்காலத்தார் அவ்வாறு கற்பதில்லை என்னும் முறையீடு இந்திய இலக்கண வரலாற்றில் மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே அதனைப் பதிவு செய்துள்ளார். முற்காலத்தில் உபநயனம் முடிந்ததும் அந்தணர் இலக்கணம் பயின்று, ஒலிகளின் பிறப்பிடமும் முயற்சியும் அறிந்த பின்னரே வேதச் சொற்களைக் கற்றனர். இன்றோ வேதத்தை விரைந்து ஓதி முடித்து, இலக்கணம் பயனற்றது என்கின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம்.

அப்பகுதியிலேயே வேறொரு குறையும் பேசப்படுகிறது. செஞ்சொல் ஒன்று, அதன் சிதைவுகளோ பல. பசுவைக் குறிக்கும் ‘கௌஹ்’ என்னும் சொல் காவீ, கோணீ, கோதா, கோபோதலிகா எனத் திரிந்து வழங்குகிறது. இத்தகைய திரிபுகளைப் பதஞ்சலி ‘அபப்பிரம்சம்’ என்கிறார். நழுவி வீழ்ந்தது என்பது அதன் பொருள். இவ்விடத்தில் அது தனிச்சொல்லின் வழுவைச் சுட்டுகிறதேயன்றி, ஒரு மொழியின் பெயரன்று. மொழிபெயர்ப்பாளர் இதனை மறத்தலாகாது.

முதற்குறை கல்வி மரபைப் பற்றியது. அடுத்தது வழக்கைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே தரவீழ்ச்சி பற்றிய வாதங்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. இரண்டின் பிற்கால வரலாறும் வேறுவேறு.

கல்வி மரபு உண்மையாகவே தளர்ந்தது. பர்த்ருஹரியின் வாக்கியபதீயம் 5ஆம் நூற்றாண்டினது. மகாபாஷ்ய மரபு மாணாக்கரிடமிருந்து நழுவி, ஒரு காலத்தில் தென்னாட்டாரிடையே ஏட்டளவில் மட்டும் எஞ்சியிருந்தது என்றும், சந்திராசாரியர் முதலானோர் அதனை மீண்டும் தழைக்கச் செய்தனர் என்றும் அந்நூலின் இரண்டாம் காண்ட இறுதிப் பாடல்கள் கூறுகின்றன. நூல் இருந்தும் பாடம் சொல்வார் இல்லாத நிலை அது. அதனை வீழ்ச்சி என்னாது வேறென்ன என்பது?

வழக்கோ வீழவில்லை. தமிழில் தண்டியலங்காரத்துக்கு முதனூலாகிய காவியாதரிசம், சாத்திர நூல்களில் சமஸ்கிருதமல்லாதன யாவும் அபப்பிரம்சம் எனப்படும் என்றும், காவியத்தில் ஆபீரர் முதலியோரின் மொழியே அப்பெயர் பெறும் என்றும் பிரித்துரைக்கிறது. பழிச்சொல்லாக இருந்தது, ஏறக்குறைய 700ஆம் ஆண்டளவில், ஓர் இலக்கிய மொழியின் பெயராகவும் நிலைபெற்றுவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் ஒருபடி மேற்சென்றார். தம் இலக்கணத்தின் எட்டாம் அத்தியாயத்தில் பிராகிருதங்களுக்கு விதி வகுத்து, அதன் இறுதியில் அபப்பிரம்சத்துக்கும் விதி வகுத்தார். பதஞ்சலி வழுவெனத் தள்ளிய ‘காவீ’ அவ்வத்தியாயத்தில் பிராகிருதச் சொல்லாகவே இடம்பெறுகிறது. இடைப்பட்ட காலம் 1,200 ஆண்டுகளுக்கும் மேல்.

ஹேமசந்திரர் அபப்பிரம்சத்துக்குச் சான்றாகக் காட்டும் ஈரடிப் பாடல்களின் மொழியும் அவர் காலத்துப் பேச்சினின்று விலகி நின்ற இலக்கிய மொழியே என்பர் அறிஞர். ஒரு காலத்தில் இலக்கணம் கல்லாதார் வாயில் வழங்கிய திரிபு, அவர் காலத்தில் விதியும் எடுத்துக்காட்டும் கொண்டு கற்பிக்க வேண்டிய மொழியாகியிருந்தது.