36-ம் பக்கம்

ராமானுஜன் ஹார்டிக்குக் கடுதாசி போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கேட்டார்ங்கறதுதான் எனக்கு சுவாரஸ்யம்.

அதுக்கு முன்னால, 1912-ல், அவரோட கணக்குகள் சில லண்டன் பேராசிரியர் ஹில்லிடம் போச்சு. 1+2+3+... என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் 1/12! (எங்க கான்சாபுரத்துப் பக்கம் இப்படி எழுதினா பிரம்புதான்.) 'கூட்டுத்தொகை'க்கு ராமானுஜன் வைத்திருந்த தனி அர்த்தம் ஹில்லுக்குப் போய்ச் சேரலை. ஒரு புத்தகத்தைச் சொல்லி, படிக்கச் சொன்னார். கேம்ப்ரிட்ஜில் பேக்கர், ஹாப்ஸன் இருவரிடமும் பருப்பு வேகலை.

1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதினார். சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. வேண்டியது என்ன? தேற்றங்கள் தேறும்னா வெளியிட உதவி, இல்லாட்டி ஆலோசனை. அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. ஹார்டியோட 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி'யைப் படிச்சிட்டு, 36-ம் பக்கத்தையே சுட்டறார்: பகா எண்களை எண்ண திட்டமான கோவை இல்லைன்னு எழுதியிருக்கீங்க; ரொம்ப நெருங்கி வர்ற ஒண்ணு என்கிட்ட இருக்கு, பிழை பொருட்படுத்தத் தேவையில்லைன்னு!

கூத்து என்னன்னா, பிழை பத்தி அவர் சொன்னது தப்பு. ஆனா தப்புன்னு கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெளிவா இருந்தது. பிப்ரவரி 8-ல் ஹார்டி நிரூபணம் கேட்டுப் பதில் போட்டார்.

பிப்ரவரி 27 கடிதத்தில் அந்த மைனஸ் 1/12 மறுபடி வந்தது. இந்தத் தடவை, 'என் கோட்பாட்டின்படி' என்ற குறிப்போடு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீங்கன்னு ஒரு நக்கலும் சேர்த்து.

1914 மார்ச்சில் கப்பல் ஏறிட்டார்.